நடுவழியில் நிற்கும் பழைய டர்போ டீசல்: டவுன் வரை கொண்டுவந்து சேர்க்கும் ஒட்டுவேலைகள்

பதினைந்து, இருபது வயதான டர்போ டீசல் காடி வழியில் நின்றுபோனால் பானட்டைத் திறந்ததும் இஞ்சினைச் சந்தேகப்படாதீர்கள். பெரும்பாலும் ரப்பர் கிழிந்திருக்கும், அல்லது டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும். இரண்டையும் கையிலிருப்பதை வைத்தே ஓரளவு சமாளிக்கலாம். சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் பக்கம் போகும் சாலையிலோ, செம்பனைக்கு நடுவே ஓடும் தோட்டத்து மண் ரோட்டிலோ நின்றுவிட்டால் இழுவை லோரி வர நேரமாகும். மண் ரோட்டுக்குள் வரவே சிலர் யோசிப்பார்கள். கீழே சொல்லும் வேலை எல்லாம் காடியை டவுனில் இருக்கிற போமேன் (மெக்கானிக்) கடை வரைக்கும் கொண்டுபோகத்தான். அதற்கு மேல் ஈப்போ வரை இன்னொரு 30 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கலாமே என்ற ஆசை வந்தால், அங்கேதான் செலவு ஆரம்பிக்கும்.

முதலில் இது எந்த வகை இஞ்சின்?

இது தெரியாமல் ஸ்பெனரைக் கையில் எடுக்காதீர்கள். பம்பிலிருந்து நான்கு மெல்லிய இரும்புக் குழாய்கள் தனித்தனியாக, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் போனால் அது பழைய மெக்கானிக்கல் பம்பு. பஜேரோ, ஸ்டோர்ம் இவற்றில் வந்த 2,477 சிசி 4டி56 இஞ்சின், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டாரெக்ஸ் 2.5, ஆரம்பகால ரேஞ்சர் எல்லாம் இந்த ரகம். நான்கு குழாயும் ஒரே தடித்த இரும்புத் தண்டிலிருந்து பிரிந்து போனால் அது காமன் ரெயில். ஹைலக்ஸ் விகோ, நவாரா போன்றவை இப்படி.

காமன் ரெயிலில் அந்த இரும்புக் குழாய்களின் நட்டைத் தொடவே கூடாது. உள்ளே 1,000 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். ஊசிமுனை அளவு கசிவுகூட தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் ஏற்றிவிடும். பார்க்கச் சின்னக் கீறல் மாதிரி இருக்கும், உள்ளே கை அழுகும். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான். காமன் ரெயில் காடியில் நாம் கை வைக்கக்கூடியவை காற்றுக் குழாய், தண்ணீர்க் குழாய், பெல்ட், பேட்டரி, டீசல் பில்டர் வரைதான். மெக்கானிக்கல் பம்பு காடி நமக்கு அதிகம் இடம் கொடுக்கும். ஓடத் தொடங்கிய பிறகு, டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சோலனாய்டுக்குப் போகும் 12 வோல்ட் மட்டும் இருந்தால் போதும், வேறு மின்சாரம் எதுவும் கேட்காது.

கறுப்புப் புகை, இழுவை இல்லை, "புஸ்" என்ற சத்தம்

ஓடிக்கொண்டிருக்கும்போதே பலம் போய், ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்று சீறி, பின்னால் கறுப்புப் புகை கிளம்பினால் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இஞ்சினுக்கும் போகும் தடித்த ரப்பர் குழாய் கிழிந்திருக்கிறது, அல்லது கிளிப்பிலிருந்து கழன்றிருக்கிறது. டீசல் வழக்கம்போலப் போகிறது, காற்று போதவில்லை, அதனால்தான் புகை. கிழிசல் பெரும்பாலும் குழாயின் அடிப்பக்கத்தில் இருக்கும். டர்போவிலிருந்து வரும் எண்ணெய் ஈரம் அங்கேதான் தேங்கி ரப்பரை ஊற வைக்கிறது. மேலே தடவிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடாமல், குழாயை நெளித்து அடியைப் பாருங்கள்.

இதற்கு நல்ல மருந்து காப்சாய் மோட்டார் டியூப். எந்த மோட்டார் கடையிலும் பஞ்சரான 17 இஞ்ச் டியூப் சும்மா கிடைக்கும். வால்வுப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் நான்கு, ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு நீளமான பட்டைகள் வரும்.

குழாயில் எண்ணெய்ப் பசை துளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் எத்தனை சுற்று சுற்றினாலும் பட்டை வழுக்கிக்கொண்டு போகும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கிழிசலுக்கு எட்டு சென்டிமீட்டர் முன்னாலேயே தொடங்கி, பட்டையை அதன் நீளத்தைப் போல இரண்டு மடங்கு வரும்படி இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதியை மூடுமாறு சுற்றி, கிழிசலைத் தாண்டி இன்னும் எட்டு சென்டிமீட்டர் போங்கள். மூன்று அடுக்கு வேண்டும். கடைசி நுனியை முந்தின சுற்றுக்கு அடியில் செருகி, இரண்டு ஓரத்திலும் ஹோஸ் கிளிப் அல்லது கேபிள் டை போடுங்கள். கிளிப்பைக் கிழிசலின் மேலேயே போட்டு இறுக்குவது எல்லாரும் செய்கிற தப்பு. கிளிப்பின் விளிம்பு வாயை இன்னும் பிளக்கும்.

விரலே நுழைகிற அளவு கிழிசல் என்றால் ரப்பர் மட்டும் தாங்காது, பலூன்போல ஊதிக்கொள்ளும். சாப்பாட்டுக் கடையில் கெட்டிப்பால் டின் ஒன்று கேட்டு வாங்குங்கள். மேலும் கீழும் நீக்கி, பக்கத் தகட்டை வெட்டி விரித்து, கூரான ஓரங்களை ஒரு சென்டிமீட்டர் உள்ளே மடித்துத் தட்டுங்கள். முதலில் ஒரு அடுக்கு டியூப், அதன் மேல் தகடு, அதற்கும் மேல் இரண்டு அடுக்கு டியூப். மடிக்காத தகடு அரை மணி நேரத்தில் ரப்பரை அறுத்துவிடும்.

கட்டி முடித்தபின் நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தாண்டாமல் ஓட்டுங்கள். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறினால்தான் கட்டு பிரியும். ஏற்றத்தில் கியரைக் குறைத்து, பொறுமையாக ஏறினால் போதும்.

இந்த வைத்தியம் டர்போவுக்குப் பிறகு வரும் குழாய்களுக்குத்தான். காற்று பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். அங்கே டியூப் துண்டோ, கேபிள் டை முனையோ, தகட்டுச் சில்லோ உள்ளே போனால் டர்போ விசிறி அதோடு முடிந்தது. அங்கே கிழிந்தால் வெளியிலிருந்து மட்டும் சுற்றுங்கள், உள்ளே எதையும் திணிக்காதீர்கள். கிழிந்த குழாயோடு செம்மண் ரோட்டில் ஓட்டுவதும் விசிறிக்கு உப்புத்தாள் போடுவதற்குச் சமம்.

டர்போவின் வாயிலிருந்து, பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் டப்பாவுக்குப் போகும் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு சின்னக் குழாயையும் பாருங்கள். அது கழன்றால் காடி திடீரென்று நல்ல இழுவையோடு ஓடும், ஆளுக்கும் சந்தோஷமாக இருக்கும். அழுத்தத்தைத் திறந்துவிடும் வழி அடைபட்டதால் பூஸ்ட் அளவில்லாமல் ஏறுகிறது என்பதே விஷயம். நுனி வெடித்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி செருகி, கேபிள் டை போடுங்கள்.

ஸ்டார்ட் ஆகி, இருமி, அணைந்துவிடுகிறது

டீசல் வழியில் காற்று புகுந்த அடையாளம் இது. பெட்ரோலைப் போல டேங்கிலேயே மின் பம்பு வைத்துத் தள்ளுவதில்லை. பழைய டீசல் பம்பு டேங்கிலிருந்து உறிஞ்சித்தான் எடுக்கிறது. ஆகையால் குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாமல், காற்று உள்ளே போகும். கீழே ஈரமே இல்லை என்று சொல்லி இந்தக் காரணத்தைத் தள்ளிவிட்டுத்தான் பலர் மணிக்கணக்கில் தடுமாறுகிறார்கள்.

இங்கே கொஞ்சம் நம்ம ஊர்க் கதையும் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2019 பிப்ரவரி முதல் டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலக்கிறார்கள். பி10 என்பது அதுதான். தோட்டத்துக் குலையே சுற்றிவந்து நம் டேங்கில் விழுகிறது. புதுக் காடிக்கு இதனால் பெரிய தொந்தரவு இல்லை. பழைய டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கை இது கரைத்துக் கிளப்பி, பில்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். தண்ணீரையும் சாதாரண டீசலைவிட அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கென்று செய்யாத பழைய ரப்பர் குழாய்கள் ஊறி, மெத்தென்றாகி, கிளிப் அடியில் வெடிக்கும். அதனால் இந்த மூன்று இடத்தையும் இதே வரிசையில் பாருங்கள்: பில்டர், பில்டர் தலையில் உள்ள கைப்பம்பு, ரப்பர் குழாய் நுனிகள்.

பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, 200 மில்லி அளவுக்கு ஒரு வெற்று மினரல் பாட்டிலில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் தண்ணீர் அடியில் தங்கி, டீசல் மேலே நிற்கும், நடுவே கோடு தெரியும். அடியில் தண்ணீர் இருந்தால், சுத்த டீசல் மட்டும் வரும்வரை விடுங்கள். கறுப்பாகச் சளிபோல வந்தால் டேங்கில் பூஞ்சை வளர்ந்திருக்கிறது, டவுன் போனதும் டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

ரப்பர் குழாயின் நுனி வெடித்திருந்தால் இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுச் செருகலாம். நடுவே வெடித்திருந்தால் டியூப் சுற்றுவது இங்கே அவ்வளவாகப் பிடிக்காது. டிராக்டர் பார்ட்ஸ் விற்கும் கடையில் 8 மில்லிமீட்டர் டீசல் குழாய் ஒரு மீட்டர் வாங்கிக் காடியில் போட்டு வைத்தால் இந்தத் தலைவலியே வராது. தண்ணீர் பைப்புக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை டீசல் இணைப்பில் சுற்றாதீர்கள். அதன் இழை பிரிந்து இஞ்செக்டர் முனையில் அடைக்கும், சேமித்த ஐந்து ரிங்கிட்டுக்கு ஐந்நூறு ரிங்கிட் வைக்கும்.

அடுத்தது காற்றை வெளியேற்றுவது. பில்டர் தலையில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். நுரை நுரையாக வந்து, பிறகு குமிழி இல்லாத டீசல் வரும். பம்பை அழுத்திய நிலையிலேயே திருகை மூடுங்கள். பிறகு கைப்பம்பு கல்லுபோல இறுகும்வரை அழுத்துங்கள். இறுகவே இல்லை, அழுத்தினால் மேலே டீசல் கசிகிறது என்றால் கைப்பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர்த் தட்டு கிழிந்துவிட்டது.

மெக்கானிக்கல் பம்பு காடி இதற்குப் பிறகும் எழவில்லையென்றால், இரண்டு இஞ்செக்டரில் மட்டும் குழாய் நட்டை 17 மில்லிமீட்டர் ஸ்பெனரால் ஒரு சுற்றுத் தளர்த்தி, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்றக் கூடாது, நடுவே அரை நிமிடம் ஓய்வு. நட்டிலிருந்து டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்குங்கள். மற்ற இரண்டும் தானாகவே காற்றைத் தள்ளிவிடும். முகத்தையும் கையையும் தள்ளி வையுங்கள், கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

பில்டர் முழுக்க அடைபட்டு, மாற்ற வேறு இல்லையென்றால் அதைத் தாண்டிக் குழாயை நேராக இணைக்கும் ஆட்கள் உண்டு. வேண்டாம். பம்பின் உள்ளே எண்ணெய் கிடையாது, அதற்கு டீசல்தான் மசகு, மணல் போனால் பம்பே போச்சு. புது பில்டர் முப்பது, நாற்பது ரிங்கிட் சமாச்சாரம்.

டேங்க் பக்கமா, இஞ்சின் பக்கமா எங்கே கோளாறு என்று தெரியவில்லையா? ஐந்து லிட்டர் பாட்டிலில் சுத்த டீசலை ஊற்றி, பில்டருக்கு வரும் குழாயை அதில் போடுங்கள். திரும்பிப் போகும் குழாயையும் அதே பாட்டிலுக்குள் விடுங்கள். காடி நன்றாக ஓடினால் கோளாறு பில்டருக்குப் பின்னால், டேங்க் பக்கம். இந்தப் பாட்டிலைச் சூடான எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி அசையாமல் கட்டி, மெதுவாகச் சில கிலோமீட்டர் போகவும் முடியும்.

டேங்க் அடியில் கல் அடித்துச் சொட்டினால் துணி சோப்புக் கட்டியை ஈரமில்லாமல் அழுத்தித் தேய்த்து ஓட்டையை அடையுங்கள். சோப்பு தண்ணீரில் கரையும், டீசலில் கரையாது. மழை பிடிக்காதவரை நிற்கும். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியபின் சொட்டும் டேங்கை யாரும் சும்மா விடுவதில்லை.

சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, புகையே வரவில்லை

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றி, பின்னால் வெள்ளைப் புகைகூட வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குப் போகவே இல்லை. மெக்கானிக்கல் பம்பில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டாப் சோலனாய்டு. பம்பின் தலையில், ஒற்றை வயர் போகும் உருளை அது. சாவியை ஆனில் வைத்து, அந்த வயரை எடுத்து எடுத்துத் தொட்டால் "டிக்" என்று கேட்க வேண்டும்.

கேட்கவில்லையென்றால் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு வயரை நேராக அதற்குக் கொடுத்துப் பாருங்கள். இப்போது டிக் கேட்டால் கோளாறு பியூஸ் அல்லது வயரில். அந்த வயரை அப்படியே விட்டு ஓட்டலாம், பிடுங்கினால் இஞ்சின் நிற்கும். நடுவே ஒரு 10 ஆம்பியர் பியூஸ் போட்டால் வயர் எரியாது.

நேரடி மின்சாரத்துக்கும் மசியவில்லையா? சுற்றுப்புறத்தைத் துடைத்து, 24 மில்லிமீட்டர் ஸ்பெனரால் சோலனாய்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்ன உலக்கையையும் ஸ்பிரிங்கையும் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, ரப்பர் வளையத்தோடு உடலை மட்டும் திரும்ப மாட்டுங்கள். காடி ஓடும், ஆனால் இனி சாவியால் அணையாது. நிறுத்த, கால் பிரேக்கை இறுக மிதித்து, நான்காம் கியரில் போட்டு, கிளட்சை விட வேண்டும். ஆட்டோ கியர் காடியில் இந்த வழி இல்லை, அதனால் ஆட்டோவில் உலக்கையை எடுக்காதீர்கள். சில ஸ்டாரெக்ஸில் திருட்டுத் தடுப்புக்காகச் சோலனாய்டின் மேல் இரும்பு மூடி இருக்கும், அதை ரோட்டோரத்தில் உடைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சூடு ஏறிவிட்டது

உடனே ஓரம் கட்டி ஏர்கோனை அணையுங்கள். யூடியூபில் சொல்வதுபோல ஹீட்டரை முழுக்கத் திறக்கும் யோசனை இங்கே பலிக்காது, இந்த நாட்டில் விற்ற பல காடிகளில் ஹீட்டரே கிடையாது. முப்பது, நாற்பது நிமிடம் காத்திருங்கள். ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்து முதல் தட்டு வரை திருப்பி, சீறல் அடங்கிய பிறகே முழுக்கத் திறக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது இஞ்சின் ஓட்டத்தில் இருக்கட்டும், சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கொதித்த 4டி56 இஞ்சினின் தலையில் (சிலிண்டர் ஹெட்) பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் வால்வுகளுக்கு நடுவே வெடிக்கும். அந்தத் தலை இதற்குப் பேர்போனது.

தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தால் அதே மோட்டார் டியூப் சுற்று. வித்தியாசம் ஒன்றுதான்: மூடியை முதல் தட்டில் மட்டும் விடுங்கள், அழுத்தம் ஏறாமல் இருந்தால் கட்டு தாங்கும். வழியில் ஐந்து, ஆறு லிட்டர் தண்ணீர் கூடவே இருக்கட்டும், கொதிநிலை குறைந்துவிடுவதால் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். மஞ்சள் தூள், முட்டை போட்டு ரேடியேட்டர் ஓட்டையை அடைக்கும் வைத்தியத்தை விட்டுவிடுங்கள். ஓட்டையோடு சேர்த்து நல்ல குழல்களையும் அடைத்துவிடும்.

ஆறின இஞ்சினை மூடி இல்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்து, மேல் குழாய் ஒரு நிமிடத்துக்குள் இறுகிப்போனால் தலையோ அதன் அடியில் உள்ள கேஸ்கெட்டோ போய்விட்டது. இதற்கு ரோட்டோரத்தில் வழியே இல்லை, இழுத்துத்தான் போக வேண்டும்.

பெல்ட் அறுந்தால் பிரேக்கும் போகும்

4டி56 குடும்பத்தில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்பு, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர்ப் பம்பையும் அதே ஜோடி பெல்ட்தான் சுற்றுகிறது. இரண்டு பெல்ட்டும் அறுந்தால் சார்ஜ், தண்ணீர் ஓட்டம், பிரேக் உதவி மூன்றும் ஒரே நேரத்தில் போகும். பேட்டரி விளக்கு எரிந்ததும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கட்டைபோல இறுகும், முழு பலத்தோடு மிதித்தால் பிடிக்கும். ஓரம் கட்டிவிடுங்கள். ஒன்று மட்டும் அறுந்திருந்தால் அதன் நூலை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமுள்ளதில் மெதுவாகப் போகலாம். பெண்கள் காலுறையைக் கட்டி ஓட்டும் கதை ஒல்லியான பெல்ட் காலத்தது. பெல்ட் மாற்றும்போது பழையதைத் தூக்கிப் போடாமல் சீட்டுக்கு அடியில் வையுங்கள், அதுதான் உண்மையான கைமருந்து.

ஸ்டார்ட்டர் "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றால், ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, வீல் ஸ்பெனரால் அதன் உடலில் லேசாகத் தட்டுங்கள். தேய்ந்த செம்புத் தகடு ஒருமுறை பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேயுங்கள், பாதி "ஸ்டார்ட்டர் கோளாறு" அங்கேயே தீர்ந்துவிடும். ஸ்டார்ட் ஆகும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கின் ரிலே வேலை செய்யாவிட்டால் தடித்த கேபிளால் பேட்டரியிலிருந்து பிளக் தகட்டுக்கு ஐந்து விநாடி கொடுங்கள். அதிகம் கொடுத்தால் வேகமாகச் சூடாகும் ரகப் பிளக்குகள் எரிந்துபோகும். கிளட்ச் மிதி தரையோடு போய்விட்டால் முதல் கியரில் வைத்தே ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், டீசல் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும். தொங்கும் எக்ஸாஸ்ட்டுக்குக் கட்டுக்கம்பி போதும்.

தொடவே கூடாதது

டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய் கசிந்தால், எண்ணெய் விளக்கு எரிந்தால், டர்போவில் உலோகம் உரசும் சத்தம் கேட்டால் அணைத்துவிடுங்கள். நீலப் புகையோடு சுற்று தானாக ஏறி, சாவியை எடுத்தும் நிற்கவில்லையென்றால் டர்போவின் சீல் போய், இஞ்சின் தன் எண்ணெயையே குடித்து ஓடுகிறது. கைகியர் என்றால் பிரேக்கை மிதித்து, பெரிய கியரில் போட்டுக் கிளட்சை விடுங்கள். ஆட்டோ என்றால் காற்று உறிஞ்சும் வாயைத் தட்டையான பலகையாலோ தடித்த புத்தகத்தாலோ மூடுங்கள். கையை வைக்காதீர்கள், துணியை வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். நெருங்க முடியாத சத்தம் என்றால் ஆட்களை இறக்கி விலகி நில்லுங்கள், இஞ்சின் போனால் போகட்டும்.

காடியின் பூட்டில் (பின்பெட்டியில்) கிடக்க வேண்டியவை

இரண்டு மோட்டார் டியூப், 50 முதல் 70 மில்லிமீட்டர் வரை விரியும் ஹோஸ் கிளிப் நான்கு, கேபிள் டை ஒரு கட்டு, கட்டுக்கம்பி, 8 மில்லிமீட்டர் டீசல் குழாய் ஒரு மீட்டர், அதற்கான சின்ன கிளிப் நான்கு, ஒரு டீசல் பில்டர், பழைய பெல்ட் ஜோடி, 10, 12, 14, 17, 24 ஸ்பெனர்கள், இரண்டு மீட்டர் வயரும் பியூஸும், துணி சோப்பு, 15டபிள்யூ-40 எண்ணெய் ஒரு லிட்டர், தண்ணீர் ஐந்து லிட்டர், தலையில் மாட்டும் விளக்கு. சக்கரத்துக்கு அணை கொடுக்க ஒரு மரக்கட்டையும் வையுங்கள். தோட்டத்துச் சரிவில் செம்பனை மட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுக் காடிக்கு அடியில் படுக்காதீர்கள், பச்சை மட்டை வழுக்கும்.